உள்ளே போகவும் சாவி, வெளியே வரவும் சாவி

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், 20ஆம் தெருவுக்கும் 21ஆம் தெருவுக்கும் நடுவே கிராமர்சி பூங்கா இருக்கிறது. பரப்பு இரண்டு ஏக்கர்தான். சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி, நான்கு பக்கமும் வாசல், நான்கிலும் பூட்டு. பூங்காவைப் பார்த்தபடி நிற்கும் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான கட்டடங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே சாவி. எண் பொறித்த அந்தச் சாவிகள் மொத்தமே 400 அளவில்தான் இருக்கும். ஆண்டுக்கொரு முறை பூட்டை மாற்றிவிடுவார்கள். சாவியைத் தொலைத்தால் 1,000 டாலர் தண்டம். சுற்றுலாக் கையேடுகள் இதையெல்லாம் ரசித்து ரசித்துச் சொல்கின்றன. அவை போகிற போக்கில் தொட்டுவிட்டுக் கடந்துபோகும் ஒரு தகவல்தான் என்னை அங்கே நிறுத்திவைத்தது. உள்ளே போவதற்கு மட்டுமில்லை, வெளியே வரவும் அந்தச் சாவி வேண்டும்.

அகப்பாடல்களைப் பாடம் நடத்துகிறவளுக்குக் கதவுகள் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். தோழியரோடு தினைப்புனத்திலும் பொழிலிலும் திரிந்துகொண்டிருந்த பெண்ணை, ஊரில் அலர் எழுந்ததும் வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைப்பதற்கு இற்செறிப்பு என்று பெயர். வகுப்பில் இந்தச் சொல்லை விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. விடுதி வாசல் மாலை ஆறரைக்குச் சாத்தப்படும் ஊரில் மாணவிகள் பாதிச் சொல்லிலேயே புரிந்துகொண்டு சிரித்துவிடுவார்கள்.

ஒரு கருத்தரங்குக்காக நியூயார்க் போயிருந்தபோது, மிச்சமிருந்த நான்கு நாள்களை இந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கென்றே வைத்துக்கொண்டேன். அழகான இடம், சந்தேகமில்லை. செங்கல் வீடுகள், படிக்கட்டுகள், மேற்குப் பக்கத்து வீடுகளின் முகப்பில் பின்னல் வேலைப்பாடு செய்ததுபோன்ற வார்ப்பிரும்புத் தாழ்வாரங்கள். நகரத்தின் இரைச்சல் அங்கே வந்ததும் ஒருபடி தணிகிறது. 'இவ்வளவு நல்ல இடத்துக்கு எதற்குப் பூட்டு?' என்று அங்கிருப்பவர்களைக் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது: 'பெண்களும் குழந்தைகளும் பயமில்லாமல் இருக்கலாமே.' பெண்களின் பேரைச் சொல்லித்தான் பூட்டுகள் போடப்படுகின்றன, எல்லா ஊரிலும். அப்படியானால் அந்தச் சாவி இந்த இருநூறு ஆண்டுகளில் எந்தப் பெண்ணின் கையில், எந்த உரிமையில் இருந்தது? நடக்க நடக்க இந்தக் கேள்வியே கூட வந்தது.

கிராமர்சி என்பது பார்வைக்கு ஆங்கிலப் பெயர்போல இருந்தாலும் டச்சுச் சொல்லின் திரிபு. கோணலான சிறு சதுப்பு நிலம் என்றும், கோணல் கத்தி என்றும் பொருள் சொல்கிறார்கள். டச்சுக்காரர்களின் கடைசி ஆளுநர் பீட்டர் ஸ்டைவெசன்ட்டின் பண்ணையில் ஒரு பகுதி அது. அவர் இறந்தபின், 1674இல், அவருடைய மனைவி யூடித் இந்த நிலத்தை ஃபிரான்ஸ் பாஸ்டியான்ஸ் என்பவருக்கு விற்றார். வாங்கியவர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர். ஒரு கைம்பெண் விற்கிறார், ஒரு கறுப்பர் வாங்குகிறார். அந்தப் பத்திரத்தை இன்று நினைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. டச்சுச் சட்டத்தில் பெண்களுக்கு, மணமானவர்களுக்கும்கூட, சொத்திலும் வணிகத்திலும் ஓரளவு கைவீச்சு இருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து உயில் எழுதுவது வழக்கம். ஆங்கிலேயர் வந்து தங்கள் சட்டத்தை ஊன்றியபோது இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டன. மணமான பெண்ணின் சட்ட இருப்பு கணவனுக்குள் கரைந்துபோயிற்று. 1712இல் நியூயார்க்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், விடுதலை பெற்ற கறுப்பர்கள் இனி நிலம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான் சாமுவேல் ரகல்ஸ் வருகிறார். வழக்கறிஞர், நிலம் வாங்கி மனை பிரித்து விற்பவர். நம்மூர் மொழியில் சொன்னால் பிளாட் போடுகிறவர். 1831இல் சதுப்பைத் தூர்த்து மேடாக்கி, நடுவில் பூங்காவுக்கு இடம் விட்டு, சுற்றிலும் அறுபதுக்குக் குறையாத மனைகளைப் பிரித்தார். பூங்காவை அறங்காவலர்கள் பெயரில் எழுதிவைத்து, அனுபவ உரிமையைச் சுற்றியுள்ள மனைகளின் உடைமையாளர்களுக்கு மட்டும் கொடுத்தார். நகரமும் பூங்கா நிலத்துக்கு வரிவிலக்கு அளித்தது. தீவு முழுவதும் கட்டங்கட்டமாகத் தெருக்களால் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் பச்சைக்கு இடம் விடத் தோன்றியதே என்று ரகல்ஸைப் பாராட்டுபவர்கள் இருக்கிறார்கள். பாராட்டலாம். பூங்காவைப் பார்த்த மனைக்கு விலை கூடும் என்ற கணக்கும் அவருக்குத் தெரியாமல் இல்லை. 1833இல் வேலி, 1844இல் வாசல்களில் பூட்டு.

1831இன் பத்திரம் உரிமையை மனையின் உடைமையாளருக்குக் கொடுக்கிறது. அந்த ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஒரு மணமான பெண் தன் பெயரில் மனை வைத்து ஆளச் சட்டத்தில் இடமில்லை. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்தும் கணவனின் கைக்குத்தான் போகும். வசதியுள்ள தந்தை தனியாக அறக்கட்டளை ஏற்படுத்தி மகளுக்குக் கொஞ்சம் காப்பாற்றிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அதாவது, பூங்காவில் குடைபிடித்து உலவிய சீமாட்டிகள் தங்கள் உரிமையில் அங்கே உலவவில்லை. அவர்கள் வைத்திருந்தது இரவல் சாவி.

அந்தச் சட்டத்தை மாற்ற முதலில் கிளம்பியவர் போலந்திலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய யூதப் பெண் எர்னஸ்டீன் ரோஸ். 1836இல், மணமான பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டு ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஐந்து மாதம் அலைந்து அவருக்குக் கிடைத்தவை ஐந்து கையெழுத்துகள். கணவர்கள் சிரித்தார்கள், பெண்களோ தங்களுக்கு வேண்டிய உரிமைகள் இருக்கின்றன என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் நடந்த வேலை அது. எலிசபெத் கேடி ஸ்டாண்டன் போன்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1848 ஏப்ரலில் சட்டம் வந்தது. பெண்களின் குரல் மட்டும் அதைக் கொண்டுவந்துவிடவில்லை. 1837இன் பொருளாதாரச் சரிவில் மருமகன்கள் திவாலாகி, மகளுக்குக் கொடுத்த சொத்து கடன்காரன் கைக்குப் போவதைப் பார்த்த பணக்காரத் தந்தைகளுக்கும் அந்தச் சட்டம் தேவைப்பட்டது. நம் உரிமைகள் பலவும் இப்படிக் கலப்படமான காரணங்களோடுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. அதற்காக ரோஸின் ஐந்து கையெழுத்துகளைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சட்டம் வந்த அடுத்த மாதம், 1848 மே மாதத்தில், சாமுவேல் ரகல்ஸின் மகள் எல்லனுக்குத் திருமணம். மாப்பிள்ளை ஜார்ஜ் டெம்பிள்டன் ஸ்ட்ராங், வழக்கறிஞர். இருவரும் பூங்காவை ஒட்டி 21ஆம் தெருவில் குடியேறினார்கள். ஸ்ட்ராங்கை அமெரிக்க வரலாறு படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1835இலிருந்து 1875 வரை, நாற்பது ஆண்டுகள், நாற்பது லட்சம் சொற்களுக்கு மேல் நாட்குறிப்பு எழுதியவர். 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கை அறிய அதைவிட வளமான ஆவணம் குறைவு. எல்லனை நாம் பெரும்பாலும் அந்த நாட்குறிப்பின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். 1862இல், உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிவந்த மருத்துவக் கப்பல்களில் எல்லன் செவிலியாகப் பணியாற்றப் போனார். பூங்கா வேலிக்குள் வளர்ந்த வீட்டுப் பெண் சீழும் இரத்தமும் நாறும் கப்பல் தளத்தில் நின்றார். கணவருக்கு அதில் பெருமைதான். ஆனால் அதே கணவர், 1869இல் கொலம்பியா சட்டக் கல்லூரியில் சேரப் பெண்கள் விண்ணப்பித்தபோது, கல்லூரியின் அறங்காவலராக இருந்து தடுத்தவர்களில் ஒருவர். அதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். காயத்துக்குக் கட்டுப்போடப் பெண் போகலாம், வழக்காடத்தான் கூடாது. கொலம்பியா சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1927இல்.

1863 ஜூலையில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நகரம் பற்றி எரிந்தது. 300 டாலர் கட்டினால் போருக்குப் போக வேண்டாம் என்ற விதிக்கு எதிராகக் கிளம்பிய ஏழை வெள்ளையர்களின் கோபம் கறுப்பர்கள் மேல் திரும்பியது. தெருவிளக்குக் கம்பங்களில் மனிதர்களைத் தூக்கிலிட்டார்கள். ஐந்தாம் அவென்யூவில் இருந்த கறுப்புக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். 1836இல் குவேக்கர் பெண்கள் சிலர் ஏற்படுத்திய இல்லம் அது. இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் பின்வாசல் வழியாக உயிர் தப்பினார்கள். அந்த நாள்களில் கிராமர்சி பூங்கா வேலிக்குள் படைவீரர்கள் முகாமிட்டிருந்தார்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்படும் பூங்காவில் எந்தக் குழந்தைகளை யார் காத்தார்கள் என்பதற்கு அந்த ஒரு வாரம் போதும்.

அன்றாடம் சாவியைக் கையில் பிடித்தவர்கள் வேறு பெண்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க்கின் வசதியான வீடுகளில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துப் பெண்கள். அடுக்களை அடித்தளத்தில், படுக்கை மாடியறையில். நடுவிலிருந்த தளங்கள் எல்லாம் முதலாளி வீட்டாருக்கு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. குழந்தை வெளிக்காற்று வாங்க வேண்டுமே, அதனால் அவளும் பூங்காவுக்குள் போகலாம். குழந்தை இருக்கும்வரை உரிமை.

இன்றைக்கும் அப்படித்தான். ஒரு பகல் வேளையில் கிழக்கு வாசலருகே ஒரு பெண் உள்ளிருந்து வெளியே வரப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் இரட்டைக் குழந்தை வண்டி, மறுகையில் சாவி. கதவைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையசைத்தார். கதவு எடை மிகுந்தது, விட்டால் தானே மூடிக்கொள்ளும். கரீபியத் தீவொன்றிலிருந்து வந்தவர், இந்த வீட்டில் மூன்றாம் ஆண்டு. 'நீங்கள் லீவு நாளில் இங்கே வந்து உட்காருவதுண்டா?' என்று கேட்டுவிட்டேன். 'லீவு நாளில் சாவி அவர்கள் வீட்டில்தானே இருக்கும்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

பூங்காவின் வடக்கு முனையில், லெக்சிங்டன் அவென்யூ தொடங்கும் இடத்தில், எண் 9இல் பீட்டர் கூப்பர் வாழ்ந்தார். தொழிலதிபர், தன் செல்வத்தைக் கொட்டிக் கூப்பர் யூனியன் என்ற இலவசக் கல்வி நிலையத்தைக் கட்டியவர். 1859இல் தொடங்கியபோதே அதில் பெண்களுக்கான ஓவிய, வடிவமைப்புப் பள்ளியும் உண்டு. அவருடைய பேத்திகள் சாராவும் எலினாரும் அதே வீட்டில் வளர்ந்து, 1897இல் அந்தக் கல்வி நிலையத்துக்குள் அலங்காரக் கலைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். துணி, சரிகை, சுவர்த்தாள், பொத்தான் என்று பெண்கள் கைபட்ட பொருள்களை அருங்காட்சியகத்துக்கு உரியவையாக மதித்தவர்கள். இன்றைய கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகம் அதுதான்.

ஆனால் கூப்பர் என்ற பெயர் எனக்கு நினைவூட்டுவது வேறொரு பெண்ணை. 1909 நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியனின் பெரிய மண்டபத்தில் சட்டைத் தொழிலாளர்கள் கூடினார்கள். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிதானம், பொறுமை என்று பேசிக்கொண்டே போனார்கள். கிளாரா லெம்லிச் என்ற 23 வயதுப் பெண் எழுந்து மேடைக்குப் போய், பேசிப் பேசி அலுத்துவிட்டது, பொது வேலைநிறுத்தம் அறிவியுங்கள் என்று இத்திஷ் மொழியில் சொன்னார். மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கில் பெண்கள் தையல் இயந்திரங்களை விட்டு எழுந்து வந்தார்கள். '20,000 பேரின் எழுச்சி' என்று அதற்குப் பெயர். பல முதலாளிகள் இறங்கி வந்தார்கள். டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை சங்கத்தை ஏற்கவில்லை. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தொழிலாளிப் பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாது என்று, வேலை முடியும்போது ஒரே வழியாக வரவைத்துப் பையைச் சோதிப்பார்கள், அதற்கான பூட்டு. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க முடியாமல் அந்த ஆண்டு டிசம்பரில் அவர்கள் விடுதலையானார்கள். கிராமர்சி பூங்காவிலிருந்து தெற்கே அரை மணி நேரத்துக்குள் அந்தக் கட்டடத்துக்கு நடந்துவிடலாம், நான் நடந்தேன். வெளியே வரவும் சாவி வேண்டும் என்பதைப் பூங்காவில் ஒரு விசித்திரமாக ரசித்தவர்களோடு அன்று மாலை என்னால் சரியாகப் பேச முடியவில்லை.

அதே வடக்கு முனையில் இன்றிருக்கும் கிராமர்சி பார்க் ஹோட்டல், கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட்டின் வீடு இருந்த இடத்தில் எழுந்தது. வைட்டின் பெயர் இந்தப் பகுதியின் எல்லா நடைக் கையேடுகளிலும் வரும், அழகின் அதிபதியாக. 1901இல், 16 வயது நடனக்காரியும் ஓவிய மாடலுமாக இருந்த எவலின் நெஸ்பிட்டுக்கு மது கொடுத்து மயங்கவைத்து வன்புணர்ந்தார் என்று, 1907இல் எவலின் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்த வழக்கே வைட்டைக் கொன்றதற்காக எவலினின் கணவர்மேல் நடந்தது. 1906இல் சுட்டுக் கொல்லப்பட்டவரும் சுட்டவரும் தங்கள் பெயர்களோடு வரலாற்றில் இருக்கிறார்கள். எவலினை ஒரு 'விவகாரம்' ஆக்கிவிட்டார்கள். நியூயார்க்கில் பெண்களே பெண்களுக்கென்று கட்டிக்கொண்ட முதல் கிளப் கட்டடமான காலனி கிளப்பையும் வடிவமைத்தவர் இதே வைட்தான். இந்த இரண்டு தகவல்களையும் ஒரே பத்தியில் எழுதுவது எனக்கு எளிதாக இல்லை, பிரித்து எழுதுவது அதைவிடக் கடினம்.

காலனி கிளப்பின் உள்ளலங்காரத்தைச் செய்தவர் எல்சி டி வுல்ஃப். வீட்டை அழகுபடுத்துவது பெண்ணின் சம்பளமில்லாக் கடமை என்றிருந்த காலத்தில் அதைத் தொழிலாக்கிக் கூலி கேட்டவர். அவரும், ஆஸ்கார் வைல்டுக்கும் பெர்னார்ட் ஷாவுக்கும் அமெரிக்காவில் நாடக முகவராக இருந்த எலிசபெத் மார்பரியும், பூங்காவிலிருந்து தெற்கே போகும் இர்விங் பிளேஸில், 17ஆம் தெரு முனையில், ஒரே வீட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இணையாக வாழ்ந்தார்கள். அந்த வீட்டுச் சுவரில் இருப்பது எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் பெயர். அவர் அங்கே வாழவே இல்லை.

பூங்காவின் தெற்குப் பக்கத்தில் இரண்டு கிளப்புகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. எண் 15இல் நேஷனல் ஆர்ட்ஸ் கிளப், 1898இல் தொடங்கிய நாளிலிருந்தே பெண்களை உறுப்பினர்களாக ஏற்றது. எண் 16இல் நடிகர் எட்வின் பூத் 1888இல் தொடங்கிய பிளேயர்ஸ் கிளப், பெண்களை ஏற்றது 1989இல். ஒரே சுவர், தொண்ணூறு ஆண்டு இடைவெளி. பூங்காவின் நடுவே ஹாம்லெட் வேடத்தில் சிலையாக நிற்பவர் பூத்.

அதே வரிசையில் எண் 18இன் கதைதான் இந்தப் பகுதியில் என்னை அதிகம் பாதித்தது. 1927இல் வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கான விடுதியாகக் கட்டப்பட்டது. 1963இல் இரட்சணிய சேனை வாங்கி, பார்க்சைட் இவாஞ்சலின் என்ற பெயரில் பெண்கள் விடுதியாகவே நடத்தியது. நூற்றுக்கணக்கான சிறு அறைகள், குறைந்த வாடகை, சாப்பாடு உண்டு, ஆண்கள் மாடிக்கு வரக் கூடாது. தட்டச்சு செய்பவர்கள், செவிலியர்கள், நடிப்புக் கனவோடு ஊரைவிட்டு வந்தவர்கள், மாணவிகள். ஆய்வு மாணவியாகச் சென்னையில் உழைக்கும் மகளிர் விடுதி ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன். கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி, கொடியில் ஈரத்துணி, வார்டனின் வருகைப் பதிவேடு. அந்த வாழ்க்கையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தோம். ஆனால் அப்பன் பெயரிலும் புருஷன் பெயரிலும் இல்லாத ஒரு முகவரி அது, எங்களில் பலருக்கு முதல் முறையாக. கிராமர்சி பூங்காவைப் பார்த்த கட்டடமாதலால் எண் 18இன் பெண்களுக்கும் பூங்காச் சாவியின் பயன் இருந்தது. சம்பளத்தில் அறைவாடகை கட்டும் தனிப்பெண், யாருடைய மனைவியாகவும் தாதியாகவும் இல்லாமல், ஒரு புத்தகத்தோடு அந்த மரத்தடியில் உட்காரலாம். பூங்காவின் வரலாற்றில் அதற்கு அருகில் வரக்கூடிய வேறொரு ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

கட்டடம் 60 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. உள்ளே இடித்துச் சீரமைத்து 16 வீடுகளாக்கினார்கள். உச்சி வீடு 2012இல் 42 மில்லியன் டாலருக்கு விலைபோனது. அதன் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெற்றது பூங்காச் சாவி.

இர்விங் பிளேஸில் கொஞ்சம் இறங்கினால் வாஷிங்டன் இர்விங் உயர்நிலைப் பள்ளியின் பெரிய கட்டடம். 1913இல் இங்கே திறக்கப்பட்டு, 1986வரை பெண்கள் பள்ளியாகவே இருந்தது. குடியேறிகளின் பெண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த இடம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்தப் பள்ளியின் மாணவர்கள் சிலர், பெரும்பாலும் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும், சாவி வைத்திருந்த ஒருவரின் அழைப்பில் பூங்காவுக்குள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். பூங்கா நிர்வாகத் தரப்பில் ஆட்சேபித்துக் காவல்துறையைக் கூப்பிட்டார்கள். இனப்பாகுபாடு என்று வழக்குப் போடப்பட்டு, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. பள்ளியிலிருந்து பூங்காவுக்கு மூன்று தெருதான் தூரம். யூடித்திடம் நிலத்தை வாங்கிய பாஸ்டியான்ஸ் நினைவுக்கு வந்தார்.

19ஆம் தெருவில் மரங்கள் அடர்ந்த அழகான துண்டு ஒன்று இருக்கிறது. ஐடா டார்பெல் அங்கே வாழ்ந்தார். 1902இலிருந்து 1904வரை மெக்ளூர்ஸ் இதழில் ராக்கஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைத் தோலுரித்துத் தொடர் எழுதியவர். 1911இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைப் பிரிக்க உத்தரவிட்டதற்குப் பின்னால் அந்த எழுத்தும் இருந்தது. அவ்வளவு துணிச்சல்காரர் பெண்களின் வாக்குரிமையை ஆதரிக்கவில்லை! நம் முன்னோடிப் பட்டியல்களில் இத்தகையவர்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நான் விட மாட்டேன்.

மேற்கே 20ஆம் தெருவில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பிறந்த வீடு. உண்மையான வீட்டை 1916இலேயே இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பதைப் பெண்கள் சங்கம் ஒன்று இடத்தை வாங்கி மீண்டும் கட்டியது. வரைபடம் போட்டவர் தியோடேட் போப் ரிடில், அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் தலைமுறைப் பெண் கட்டடக் கலைஞர். ஓர் ஆணின் பிறந்த வீட்டைத்தான் கட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

பூங்காவிலிருந்து தென்கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் ஸ்டைவெசன்ட் சதுக்கம் வந்துவிடும். அங்கேயும் இரும்பு வேலி உண்டு, பழைய வேலிதான், ஆனால் வாசல் திறந்திருக்கிறது. 1836இல், ரகல்ஸ் பூங்காவை எழுதிவைத்த ஐந்தே ஆண்டுகளில், யூடித்தின் வழிவந்த பீட்டர் ஜெரார்ட் ஸ்டைவெசன்ட் நான்கு ஏக்கரை 5 டாலர் பெயரளவு விலைக்கு நகரத்துக்குக் கொடுத்தார், பொதுப் பூங்காவுக்காக. அவருக்கும் சுற்றிலும் நிலம் இருந்தது, அவருக்கும் அதன் விலை கூடியிருக்கும். பூட்டு மட்டும் தேவைப்படவில்லை.

இந்தத் திறந்த பூங்காவை ஒட்டித்தான் பெண்களின் மருத்துவமனை நின்றது. அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான எலிசபெத் பிளாக்வெல், 1857இல் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக நகரின் தென்பகுதியில் தொடங்கி, பின்னர் இங்கே இடம்பெயர்ந்த மருத்துவமனை. 1868இல் அதோடு பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. எலிசபெத் இங்கிலாந்து போய்விட, தங்கை எமிலி முப்பதாண்டுகள் அதைத் தூக்கிச் சுமந்தார். அமெரிக்காவின் இரண்டாவது கறுப்புப் பெண் மருத்துவரான ரெபெக்கா கோல், இந்த மருத்துவமனையின் சார்பில் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில் படியேறிப் போய்க் குழந்தை வளர்ப்பும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்தவர். மேரி புட்னம் ஜாக்கோபி இங்கே பேராசிரியர். 1873இல் ஹார்வர்டு மருத்துவர் எட்வர்ட் கிளார்க், மாதவிடாய் காலத்தில் மூளைக்கு வேலை கொடுத்தால் பெண்ணின் கருப்பை பாழாகும், எனவே உயர்கல்வி ஆகாது என்று புத்தகம் எழுதினார். ஜாக்கோபி பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினார், நாடித்துடிப்பையும் தசைவலுவையும் அளந்தார், ஓய்வு தேவை என்பதற்குச் சான்றில்லை என்று நிறுவினார். பெயரை மறைத்து அனுப்ப வேண்டிய போட்டியில் 1876இல் அந்த ஆய்வுக்கே ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. அப்போது ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பெண்கள் மாணவிகளாகச் சேர முடியாது.

1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் எமிலி தம் கல்லூரியை மூடிவிட்டு மாணவிகளை அங்கே அனுப்பினார். நோக்கம் நிறைவேறிவிட்டது என்று ஒரு நிறுவனத்தை மூடுவதற்கும் மனம் வேண்டும். அதே 1899இல், அதே கார்னெலில் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் ஐடா ஸ்கடர். மன்ஹாட்டனைச் சேர்ந்த ஒரு வங்கித் தலைவர் இறந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு அவர் கப்பலேறினார். 1902இல் வேலூரில் அந்தப் பெண்ணின் பெயரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947இல்.

நான் போன பிற்பகலில் ஸ்டைவெசன்ட் சதுக்கத்தின் பெஞ்சுகளில் இடமில்லை. பக்கத்து மருத்துவமனைச் சீருடையில் இரண்டு பெண்கள் பெட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதான பெண் காலணியைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிப் பெண்கள் நாலைந்து பேர் புல்லில் புத்தகப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். சீருடைக்காரர்களில் ஒருவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.